திறந்த கதவு

நுழையும்முன்

நோய்க்கு மருந்து இருந்தும், அதைத் தரும் மருத்துவர் அருகிலேயே இருந்தும் உயிர்கள் பிரிந்த காலம் ஒன்று இருந்தது. பேறுகாலத்தில் துன்புற்ற பெண்ணை ஆண் மருத்துவர் காணலாகாது என்பது அன்றைய வழக்கம். பெண் மருத்துவரோ அரிதினும் அரிது. இவ்விரண்டிற்கும் இடையில் சிக்கி எண்ணற்ற தாய்மார் மாண்டனர். அந்நிலையை மாற்றுவதற்குத் தம் வாழ்நாளை அளித்தவர் ஐடா சோபியா ஸ்கட்டர். வேலூரில் ஒற்றை அறையில் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நீரிணையின் இரு கரைகள்

இராமேசுவரம் தீவின் கிழக்கு முனையில் தனுஷ்கோடி. அதற்கு அப்பால் ஆழம் குறைந்த கடலும் மணல் திட்டுகளும். அவற்றிற்கும் அப்பால் இலங்கை. இந்தக் கடற்பரப்பின் வழியே பன்னெடுங்காலமாகத் தோணிகள் சென்றுவந்தன. சங்கும் நெல்லும் துணியும் ஏற்றிச் சென்ற வணிகரும், சேதுவில் நீராட வந்த அடியாரும் இருகரை மக்களையும் பிணைத்து வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பேச்சும் இராமநாதபுரத்துப் பேச்சும் ஒரே மொழியின் இரு ஓசைகளே.

நியூயார்க்கில் மருத்துவராக விளங்கிய ஜான் ஸ்கட்டர் என்பவர் 1819ஆம் ஆண்டு தம் தொழிலைத் துறந்து, சமயப்பணியும் மருத்துவப்பணியும் ஆற்றும் நோக்குடன் இலங்கைக்குக் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து அயல்நாட்டுக்குச் சென்ற முதல் மருத்துவத் தொண்டர் அவரே. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கித் தமிழ் கற்று, நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். 1834ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து அமெரிக்கத் தொண்டர்கள் நீரிணையைக் கடந்து, அந்நாளில் இராமநாதபுரத்தையும் உள்ளடக்கியிருந்த மதுரைச் சீமையில் தம் பணியைத் தொடங்கினர். இரண்டாண்டுகள் கழித்து ஜான் ஸ்கட்டரும் தமிழகம் வந்து சென்னையில் பணியாற்றலானார். அவருடைய மக்கள் பலரும் தந்தையின் வழியையே பின்பற்றினர். அவர்களுள் தந்தையின் பெயரையே தாங்கிய இளைய ஜான் ஸ்கட்டர் வட ஆர்க்காட்டுப் பகுதியில் மருத்துவத் தொண்டரானார். அவருடைய ஒரே மகள்தான் ஐடா.

தாது ஆண்டின் நினைவு

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருக்கு ஆறு வயது நிரம்பும் காலத்தில் தமிழகத்தைத் தாது ஆண்டுப் பஞ்சம் சூழ்ந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். உணவு நாடி வந்த குழந்தைகள் ஐடாவின் வீட்டு முற்றத்தில் வரிசையாக அமர்ந்திருப்பர். ரொட்டித் துண்டைக் கையில் வாங்கி வாயில் இடும் வலிமையும் அவர்களுள் பலருக்கு இல்லை. சிறுமி ஐடா ரொட்டியைப் பிட்டு அவர்கள் வாயில் ஊட்டினார். வழியோரங்களில் உயிரற்றுக் கிடந்த குழந்தைகளையும் அவர் கண்டார்.

1878ஆம் ஆண்டு குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தை இந்தியா திரும்பினார். பின்னர்த் தாயும் கணவருடன் சேர்ந்துகொண்டார். ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். பெற்றோரின் தொண்டு தம்மிடமிருந்து பெற்றோரையே பிரித்துவிட்டது என்னும் ஏக்கம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பஞ்சமும் பிணியும் நிறைந்த நாட்டுக்குத் திரும்புவதில்லை என்றும், தொண்டர் வாழ்வை மேற்கொள்வதில்லை என்றும் அவர் உறுதிகொண்டார். மாசசூசெட்சு மாநிலத்து நார்த்பீல்டு பள்ளியில் கல்வி முடித்து, தோழியரைப் போலவே இனிய இல்வாழ்வைக் கனவு கண்டார்.

1890ஆம் ஆண்டு தாயின் உடல்நலம் குன்றியது என்னும் செய்தி வந்தது. தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடனேயே ஐடா தந்தை பணியாற்றிய திண்டிவனத்திற்கு வந்தார்.

ஓர் இரவு, மூன்று அழைப்புகள்

ஒருநாள் இரவு ஐடா விளக்கொளியில் அமர்ந்திருந்தபோது வாயிற்கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர் வெளியே நின்றார். அவருடைய இளம் மனைவி பேறுகால வேதனையில் இருந்தாள். மருத்துவச்சி தன்னால் இயலாது எனக் கைவிட்டுவிட்டாள். ஐடா தமக்கு மருத்துவம் தெரியாது எனக் கூறித் தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அன்னிய ஆடவர் தம் மனைவியைக் காண்பது வழக்கமில்லை எனக் கூறி அவ்விளைஞர் மறுத்துத் திரும்பினார்.

சிறிது நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஓர் இசுலாமியர். அவர் மனைவிக்கும் அதே துன்பம். ஐடாவின் தந்தையே நேரில் வந்து உதவ முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் வேறொரு சமூகத்தைச் சேர்ந்த இந்து. வேண்டுகோளும் மறுப்பும் முன்போலவே அமைந்தன.

அவ்விரவு ஐடா உறங்கவில்லை. மூவரும் தம் மனைவியரிடம் அன்பற்றவர் அல்லர். அன்பு இருந்தமையாலேயே நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டினர். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தை ஓர் இரவில் மீறும் துணிவு மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. விடியற்பொழுதில் தெருவில் சாப்பறை ஒலித்தது. ஐடா பணியாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது.

அடுத்த அறையிலேயே தேர்ந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கருவிகளும் மருந்துகளும் இருந்தன. மூவரும் நாடி வந்தது ஒரு பெண்ணின் கையை. அந்தப் பெண்ணுக்கோ மருத்துவம் தெரியவில்லை. இவ்வுண்மை ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. மருத்துவம் பயின்று மீண்டும் இந்நாட்டுக்கு வருவதென அவர் பெற்றோரிடம் தம் முடிவை அறிவித்தார்.

மூடியிருந்த இரு கதவுகள்

அக்காலப் பெண்களுக்கு மூடியிருந்த கதவுகள் இரண்டு. ஒன்று, மருத்துவம் பெறும் கதவு. மற்றொன்று, மருத்துவம் பயிலும் கதவு. முதற்கதவு நம் நாட்டில் வழக்கத்தால் மூடப்பட்டிருந்தது. இரண்டாம் கதவு மேலைநாடுகளிலும் மூடியே கிடந்தது. அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்வெல் 1849ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றது பெரும்போராட்டத்தின் பயனே. இங்கிலாந்தின் கல்லூரிகள் பல, பெண்களை ஏற்கத் தயங்கிய காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பது தமிழகத்திற்குப் பெருமை தருவதாகும். அங்குப் பயின்ற மேரி ஷார்லீப், பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்று 1885ஆம் ஆண்டு சென்னையில் உருவாகக் காரணமானார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் வளர்ச்சியே. வடஇந்தியாவில் பரேலி நகரில் கிளாரா ஸ்வெய்ன் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் 1870களிலேயே பெண்கள் மருத்துவமனையை நிறுவியிருந்தார். நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்து இணுவிலில் 1898ஆம் ஆண்டு மக்லியாட் பெண்கள் மருத்துவமனை தோன்றியது.

எனினும், பரந்த இந்நாட்டின் தேவைக்கு முன் இவை சில துளிகளே. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் பேறுகாலப் பெண்ணுக்கு மருத்துவச்சியின் பட்டறிவைத் தவிர வேறு துணை இல்லை. இயல்பான பேற்றில் அப்பட்டறிவு பயன்பட்டது. குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, குருதிப்பெருக்கு நில்லாது போனாலோ, தூய்மையற்ற கையால் நச்சுக்காய்ச்சல் கண்டாலோ அவளால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ஐடா பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளித்தபோது அங்கு மாறி, 1899ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். வேலூரில் பெண்கள் மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிதி வேண்டி அவர் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் இருந்த ஷெல் என்னும் வங்கியாளர் அதனைச் செவியுற்றார். மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை

1900ஆம் ஆண்டு தொடங்கிய நாளில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையிடம் தொழில்நுட்பம் கற்றுப் படிப்படியாகப் பொறுப்பேற்கலாம் என்பது அவர் எண்ணம். ஆனால், அவ்வாண்டு மே மாதத்திலேயே தந்தை மறைந்தார். பட்டம் பெற்று ஓராண்டும் நிறைவுறாத இளம் மருத்துவர், வழிகாட்டி இன்றித் தனித்து நின்றார்.

வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறையே அவருடைய முதல் மருத்துவமனையாயிற்று. சன்னலே மருந்து வழங்கும் இடம். வீட்டில் பணியாற்றிய பெண்ணே முதல் உதவியாளர். தொடக்கத்தில் மக்கள் எளிதில் நெருங்கவில்லை. ஆண் மருத்துவரை ஏற்க மறுத்த அதே ஊர், பெண்ணொருத்திக்கு மருத்துவம் தெரியுமா என்றும் ஐயுற்றது. ஒரு நோயாளி குணமடைந்து சென்றால் அவர் வழியே பத்துப் பேர் வந்தனர். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார்.

1902ஆம் ஆண்டு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அறுவைக்குரிய அறை கிடைத்தது. ஆனால், அறுவையின்போது உடனிருந்து உதவப் பயிற்சி பெற்ற கைகள் இல்லை. எனவே, உள்ளூர்ப் பெண்களுக்கு ஐடாவே செவிலிப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். அம்முயற்சி 1909ஆம் ஆண்டு முறையான செவிலியர் பள்ளியாக உருப்பெற்றது. நோயாளியைத் தொட்டுத் தூய்மை செய்வதைத் தாழ்ந்த பணியெனக் கருதிய காலத்தில், செவிலிப்பணி மதிப்புமிக்க கல்வியாக மாறத் தொடங்கியது.

சாலையோர மரநிழலில்

மருத்துவமனை திறந்திருந்தாலும் அதுவரை நடந்துவர இயலாதவர் பலர். இருபது முப்பது கல் தொலைவிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றப்பட்ட பெண்கள் வழியிலேயே உயிர்விடுவதும் நிகழ்ந்தது. நோயாளிகள் வர இயலாவிடின் மருத்துவர் செல்லவேண்டும் என ஐடா முடிவு செய்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த நாளில் குறித்த இடங்களில் வண்டி நிற்கும். முதலில் மாட்டுவண்டியிலும், 1909ஆம் ஆண்டு முதல் சிறிய பியூஜோ மோட்டார் வண்டியிலும் அவர் சென்றார். ஓசையுடன் வந்த அவ்வண்டியைக் கண்டு முதலில் மக்கள் அஞ்சி ஓடினர். பின்னர் அதன் ஒலிக்காகவே மரத்தடியில் காத்திருந்தனர்.

மரநிழலே புறநோயாளர் பிரிவு. புண்களுக்குக் கட்டுப் போடுதல், கண்நோய்க்கு மருந்திடுதல், குழந்தைகளைச் சோதித்தல், கருவுற்ற பெண்களுக்கு அறிவுரை கூறுதல் ஆகியவை சாலையோரத்திலேயே நடைபெற்றன. அறுவை தேவைப்பட்டோர் அவ்வண்டியிலேயே வேலூருக்கு அழைத்து வரப்பட்டனர். பிற்காலத்தில் இந்தியாவில் வளர்ந்த சமுதாய மருத்துவத்திற்கு இச்சாலையோரப் பணி ஒரு முன்னோடி எனலாம்.

கற்பிக்கும் மருத்துவமனை

ஒரு மருத்துவர் இரவும் பகலும் உழைத்தாலும் காப்பாற்றக்கூடிய உயிர்களுக்கு எல்லை உண்டு. ஐடா ஓர் ஊரில் இருக்கும்போது அடுத்த ஊரில் கதவு தட்டப்படும். அங்குத் திறக்க யாரும் இல்லை. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். சென்னையில் முத்துலெட்சுமி 1912ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றுத் தமிழ்ப்பெண்ணின் ஆற்றலை நாட்டுக்கு உணர்த்தியிருந்தார். ஆனால், அத்தகைய வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியது.

பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அரசை அணுகினார். மாகாணத்தின் மருத்துவத்துறைத் தலைமை அலுவலர், இரண்டு மூன்று பெண்களேனும் விண்ணப்பிப்பார்களா என ஐயுற்றார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பல கிறித்தவ அமைப்புகள் கூட்டாக ஆதரித்த அப்பள்ளி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் 17 மாணவியருடன் தொடங்கப்பட்டது. சில நூல்கள், ஒரு நுண்ணோக்கி, ஓர் எலும்புக்கூடு ஆகியவையே அன்றிருந்த கல்விக்கருவிகள். ஐடா பகலில் அறுவை செய்தார். மாணவியருக்கு உடற்கூறு கற்பித்தார். இரவில் நோயாளிகளைக் கண்டார்.

முதலாண்டுத் தேர்வு வந்தது. ஆண்கள் பயிலும் பள்ளிகளிலேயே ஐவரில் ஒருவர்தாம் தேர்ச்சி பெறுவது வழக்கம் என்று அவருக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. முடிவுகள் வெளியானபோது, தேர்வெழுதிய வேலூர் மாணவியர் 14 பேரும் தேறியிருந்தனர். 1922ஆம் ஆண்டு இவர்கள் மருத்துவராகி வெளியேறினர். திண்டிவனத்தில் ஓர் இரவில் இறந்த மூன்று பெண்களுக்கு விடையாகப் பதினான்கு பெண்கள் புறப்பட்டனர்.

வளரும் பள்ளிக்குப் பழைய மருத்துவமனை போதவில்லை. வேலூர்த் தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. பாகாயத்தில் மலையடிவாரத்தை ஒட்டி ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில் கல்வி வளாகம் உருவாயிற்று.

கொள்கையைக் காத்த மாற்றம்

1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. மருத்துவராவோர் அனைவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெறவேண்டும் எனச் சென்னை மாகாண அரசு விதி வகுத்தது. மக்களுக்குத் தரமான மருத்துவம் கிடைக்கவேண்டும் என்னும் நோக்கில் அவ்விதி சரியானதே. ஆயினும், பட்டயப்படிப்பை மட்டுமே வழங்கிய வேலூர்ப் பள்ளி அதனால் மூடப்படும் நிலை ஏற்பட்டது. கல்லூரியாக உயர வேண்டுமெனில் புதிய துறைகள், ஆய்வகங்கள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், மிகுதியான படுக்கைகள் ஆகியவை வேண்டும். உலகப்போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில், எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942ஆம் ஆண்டு வேலூரில் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு தொடங்கியது.

அதனினும் கடினமான வினா ஒன்று எஞ்சியிருந்தது. நிறுவனம் நிலைபெற வேண்டுமெனில் ஆண்களையும் மாணவராகச் சேர்க்கவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. பெண்களுக்காகவே நிதி வழங்கிய அமெரிக்க மகளிர் அமைப்பினருள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்கெனத் தாம் கட்டிய கல்விக்கூடத்தின் தனித்தன்மையை விட்டுக்கொடுப்பது ஐடாவுக்கும் எளிதாக இல்லை. நெடிது சிந்தித்து, நிறுவனம் வாழ்வதே பெண்களுக்கும் நலம் என்பதை உணர்ந்து அவர் இசைந்தார். 1947ஆம் ஆண்டு முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். தாம் வகுத்த வழியைக் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் மனத்திட்பம் தலைவருக்கு இன்றியமையாத பண்பு என்பதற்கு இது சான்றாகும்.

1946ஆம் ஆண்டு ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். நாடு விடுதலை பெற்றதை அடுத்து, இந்தியப் பெண் மருத்துவரான ஹில்டா லாசரஸ் கல்லூரியின் தலைமையை ஏற்றார். இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் எனத் தொடங்கிய முயற்சி, இந்நாட்டுப் பெண்ணே தலைமை தாங்கும் நிலையை எட்டியது.

நிலைத்த பணி

ஓய்வுக்காலத்தைக் கொடைக்கானலில் கழித்த ஐடா, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் 89ஆம் வயதில் இயற்கை எய்தினார். வேலூரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட நாளில், அவர் கையால் உலகைக் கண்ட பலர் திரண்டு நின்றனர்.

ஐடாவின் பணி குறைகளற்ற சூழலில் நிகழ்ந்ததன்று. பணத்திற்குக் கடல் கடந்த நாட்டை நம்பவேண்டியிருந்தது. சமயப்பணியின் பகுதியாக எழுந்த மருத்துவமனையைச் சிலர் ஐயத்துடன் நோக்கினர். எனினும், எச்சமயத்தவர் கதவைத் தட்டினாலும் அது திறந்தது. திண்டிவனத்து இரவில் வந்த மூவரும் மூன்று வெவ்வேறு சமூகத்தினர், துன்பம் ஒன்றே. அதற்கேற்ற விடையும் ஒன்றாகவே இருந்தது.

நல்லெண்ணம் கொண்ட ஒருவர் பசித்தவருக்கு உணவிடலாம், பிணியுற்றவருக்கு மருந்திடலாம். அப்பணியைத் தமக்குப் பின்னும் தொடரச் செய்யும் கல்வியை உருவாக்குவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஐடா ஸ்கட்டர்.

தெரியுமா?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவமனை நடத்திய சாமுவேல் பிஷ் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கி, தமிழில் மருத்துவக் கலைச்சொற்கள் உருவாக வழிவகுத்தார். தாய்மொழியில் மருத்துவக்கல்வி இயலும் என்பதற்கு நீரிணையின் மறுகரையில் கிடைத்த சான்று இது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் மகப்பேற்று மருத்துவ வசதி வளர்ந்த வரலாற்றை மூத்தோரிடம் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.

2. மருத்துவம் பெறும் கதவு, மருத்துவம் பயிலும் கதவு ஆகிய இரண்டும் பெண்களுக்கு மூடியிருந்த நிலையையும் அவை திறந்த வரலாற்றையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.

3. வேலூர்க் கல்லூரியில் ஆண்களையும் சேர்க்க ஐடா இசைந்தது சரியா? இரு பக்கக் கருத்துகளையும் முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.